நிற்றல் அதிகாரம்: ஒரு பழைய மோட்டரின் மூலபாடமும் உரைகளும்

'மோட்டர் நின்றது' என்று எழுதினால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஊர்காவற்றுறைக் கரையில் ஒருவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "இஞ்சின் நிண்டுபோச்சு" என்பார்கள். பால் திரிந்துபோகிறது, தேங்காய் அழுகிப்போகிறது, காசு தொலைந்துபோகிறது. அந்த வரிசையில் மோட்டர் நின்றுபோகிறது. இந்தப் 'போ' என்னும் துணைவினைக்குள் இரண்டு செய்திகள் இருக்கின்றன. நடந்தது பேசுபவரின் விருப்பத்துக்கு மாறானது என்பது ஒன்று. நடந்ததில் பேசுபவருக்குக் கையே இல்லை என்பது மற்றது. முதற்செய்தி உண்மை. இரண்டாவது உண்மையா என்பதுதான் இங்கே ஆய்வுப் பொருள்.

நில் என்னும் தன்வினைக்கு நிறுத்து என்னும் பிறவினை உண்டு. ஓடுகிற மோட்டரை மனிதன் சிவப்புக் குமிழை அழுத்தி நிறுத்தலாம் என்று கையேடுகள் சொல்கின்றன. ஆய்வுக் காலம் முழுவதிலும் நிற்றல் எண்ணற்ற தடவை நிகழ்ந்தது. நிறுத்தல் ஒரேயொரு தடவை. அது கடைசியில் வரும்.

முப்பத்துநாலு வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவருக்கு மோட்டரில் என்ன வேலை என்று கேட்கலாம். கடல் நெய்தல் நிலம். நெய்தல் தமிழ் வாத்தியாரின் நிலம். அதற்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது வெயில் சாயும் பிற்பகல். உரிப்பொருள் இரங்கல். என் மோட்டர் நின்ற நேரங்களைக் கொப்பியில் குறித்துவந்தேன். பெரும்பாலானவை பின்னேரம் 3 மணிக்கும் 6 மணிக்கும் இடையில்தான். நின்றதும் நிகழ்ந்தது இரங்கல். சங்கப் புலவர்களின் கணிப்பு இம்மியும் பிசகவில்லை. ஆய்வாளர் பகல் நித்திரை முடிந்து கடலுக்குப் போவதே 3 மணிக்குத்தான் என்பதை மறுப்பாளர்கள் சுட்டிக்காட்டக்கூடும். மறுப்பாளர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

இனி 'ஆய்வாளர்' என்று வருமிடமெல்லாம் என்னைக் குறிக்கும். கோபமோ வெட்கமோ வருமிடங்களில் 'நான்' என்று வரும்.

சுவடி விளக்கம்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சுவடி 8 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், ஈரடிப்பு மண்ணெண்ணெய் மோட்டர். 18 அடிக் கண்ணாடியிழைப் படகு ஒன்றின் பின்பலகையில் இரண்டு திருகுப் பிடிகளால் தொங்குகிறது. செய்தவர் பெயர் மேலுறையில் ஒருகாலத்தில் இருந்திருக்கிறது. உப்பும் வெயிலும் அதைத் தின்றபின், முதலும் ஈறும் சிதைந்த ஏட்டைப் போல, நடுவில் ஏதோ ஓர் எழுத்தின் கால் மட்டும் எஞ்சியிருக்கிறது. அது எந்த எழுத்தின் கால் என்பதில் கரையில் இரண்டு கட்சிகள் உண்டு.

வாங்கியது 2022 நடுப்பகுதியில். நாட்டில் மண்ணெண்ணெய் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெய் மோட்டர் மலிவாகக் கிடைக்கும் என்பது ஆய்வாளரின் பொருளியல் நுண்ணறிவு. விற்றவர் இதற்கு 20 வயது என்றார். அவருக்கு விற்றவரைத் தேடிப்பிடித்துக் கேட்டபோது, "நான் வாங்கேக்கயே இருவது வருசம் ஐயா" என்றார். இரண்டையும் கூட்டுவதா, இரண்டில் ஒன்றைக் கொள்வதா என்பது கால ஆராய்ச்சியாளர்களுக்கே விடப்படுகிறது. இடையில் ஓர் இடப்பெயர்வின்போது இதைச் சாக்கில் சுற்றி வளவுக்குள் புதைத்து வைத்தார்கள் என்று கர்ணபரம்பரைச் செய்தி ஒன்று உண்டு. எந்த இடப்பெயர்வு என்பதில் கருத்து ஒற்றுமை இல்லை. மேலுறையைக் கழற்றியபோது உள்ளே ஒரு தேக்கரண்டி செம்மண் இருந்தது. எங்கள் தீவில் செம்மண்ணைக் காண்பது அரிது. ஆகவே புதைத்தது வலிகாமத்து வளவு ஒன்றில் என்று துணியலாம். இந்த ஆய்வில் ஐயமின்றி நிறுவப்பட்ட முடிவு இது ஒன்றுதான்.

அடுத்து இடைச்செருகல்கள். இழுக்கும் கயிறு துணி காயப்போடும் நைலோன் கொடி. மேலுறையின் றப்பர்ச் சுற்று இருந்த இடத்தில் சைக்கிள் ரியூப். காபிறேற்றரின் அடிக்கிண்ணம் வேறொரு மோட்டருடையது. அதைப் பிடிக்கும் ஆணிகளுக்கு ஒன்றுக்கொன்று உறவில்லாத தலைகள். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றுவதற்கு முன் ஏடுகளோடு பட்ட பாட்டை, முதன்முதலில் அந்த மேலுறையைக் கழற்றிய அன்றுதான் நான் முழுதாக உணர்ந்தேன். அவர் தொட்ட ஓரங்கள் உதிர்ந்தன. நான் தொட்ட ஆணிகள் உதிர்ந்தன. அவருக்குக் கறையான், எனக்குக் கறள்.

இடைச்செருகல்களை எல்லாம் கழித்துப் பார்த்தால் மூலபாடம் என்று மிஞ்சுபவை இரண்டு சிலிண்டர்களும் அவற்றுக்குள் ஓடுபவையும், கூடவே வந்த 24 லீற்றர்த் தகர ராங்கியும்தான். இந்த ராங்கியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

மண்ணெண்ணெய் மோட்டர் ஓடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெய் குளிரில் பற்றாது. ஆகவே சின்னக் கான் ஒன்றில் பெற்றோல் வைத்து, அதில் கிளப்பி, இரண்டு மூன்று நிமிடம் சூடேறவிட்டு, பிறகு திருகியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன்பும் அப்படியே; பெற்றோலுக்குத் திரும்பி, காபிறேற்றரின் கிண்ணத்தில் கிடக்கும் மண்ணெண்ணெய் எரிந்து தீரும்வரை ஓடவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் பெற்றோல், நடுவில் மண்ணெண்ணெய். காப்பும் வாழ்த்தும் போல.

முன்னோர் ஆய்வு

1881இல் பாரிஸ் நகரில் குஸ்தாவ் துரூவே என்பவர் மின்சார மோட்டர் ஒன்றைப் படகின் பின்னால் கொளுவி சேன் நதியில் ஓட்டிக் காட்டினார். கழற்றிக் கையில் கொண்டுபோகக்கூடிய மோட்டர். அதில் பிளக் அழுக்காகாது, காபிறேற்றர் அடைக்காது, மண்ணெண்ணெய் தேவையில்லை. ஆகவே இவ்வாய்வுக்கு அவரால் பயனில்லை.

பயன்படுபவர் ஓலே எவின்றூட். 1877இல் நோர்வேயில் பிறந்து, அமெரிக்காவின் விஸ்கொன்சினில் வளர்ந்தவர். வெயில் கொளுத்திய ஒரு நாள் ஏரிக்கரையில், பின்னாளில் மனைவியான பெஸ் ஐஸ்கிறீம் கேட்க, இவர் துடுப்பு வலித்துப் போய் வாங்கித் துடுப்பு வலித்துத் திரும்புவதற்குள் அது உருகிவிட்டது என்றும், அந்தக் கவலையில் பிறந்ததுதான் அவருடைய மோட்டர் என்றும் கதை. 1909இல் அது விற்பனைக்கு வந்தது. தலைவி கேட்டாள், தலைவன் பிரிந்தான், பொருள் உருகியது. பொருள்வயிற் பிரிவுக்கு இதைவிடத் தெளிவான மேற்கோளை நான் வகுப்பில் காட்டியதில்லை.

விளம்பர வாசகத்தை எழுதியவர் பெஸ்தான். துடுப்பைத் தூக்கி எறியுங்கள் என்பது அதன் சாரம். என் படகில் இரண்டு துடுப்புகள் இருக்கின்றன. எறியவில்லை.

களத் தரவு

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் ஒரு கோட்டை நிற்கிறது. கடற்கோட்டை என்போம். ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹம்மன்ஹீல். பன்றித் தொடையின் குதிகால் என்று பொருள். இலங்கைப் படத்தைப் பார்த்த அவர்கள் கண்ணுக்கு அது உப்புக்கண்டம் போட்ட பன்றித் தொடையாகத் தெரிந்திருக்கிறது. பிற்காலத்தில் அது சிறையாக இருந்தது; இப்போது கடற்படை நடத்தும் விடுதி. இவ்வளவும் ஆய்வாளருக்கு எப்படித் தெரியும் என்றால், மோட்டர் நின்றுபோன இடத்திலிருந்து பார்ப்பதற்கு அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

வாங்கிய ஆறு மாதம் மோட்டர் தங்கம். 2023 தொடக்கத்திலிருந்துதான் நிற்றல் தொடங்கியது. கொப்பியில் உள்ள பதிவுகள் எல்லாம் ஒரே அச்சு. பெற்றோலில் கிளம்புகிறது. மண்ணெண்ணெய்க்கு மாற்றியபின் 10 நிமிடம் போல ஓடுகிறது. கோட்டை வலப்பக்கம் வரும்போது சத்தம் மெலிகிறது. பிறகு ஒரு கணம், யாரும் கேட்காமலே, வேகம் கூடுகிறது. இந்த இடத்தில் கொப்பியில் 'அணையப்போகும் விளக்கு' என்று உவமை எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறேன். எரிபொருள் குறைந்து காற்று மிகுந்தால் நிற்பதற்கு முன் மோட்டர் அப்படித்தான் ஒருமுறை துள்ளும் என்பது உவமை தெரிந்த எனக்குத் தெரியாது. துள்ளியபின் இரண்டு தரம் இருமுகிறது. பிறகு அலைச் சத்தம்.

நின்றதும் ஆய்வாளர் செய்த முதல் வேலை, மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று ராங்கி மூடியைத் திறந்து பார்ப்பது. இருக்கும். மூடுவார். பிறகு அந்தக் கிழமையில் எந்த உரை நடைமுறையில் இருந்ததோ அதன்படி சிகிச்சை. கயிறு இழுப்பு. மோட்டர் ஓடும்.

உரைகள்

பிளக் உரை. இதன் ஆசிரியர் என் மனுசியின் தம்பி. "அத்தான், உது பிளக்" என்பது நூற்பா. அவருடைய முழு நூலும் அதுதான். சிரிக்கக் கூடாது, அந்த உரைக்கு வரலாறு உண்டு. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தின் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். மண்ணெண்ணெய்க் கரி பிளக்கில் படியும். மச்சான் தன் இளமைக் காலம் முழுவதும் தெருவோரம் குந்தியிருந்து பிளக் கழற்றியவர். உலகத்தில் எது நின்றாலும் அவருக்குப் பிளக்தான். எங்கள் வீட்டு மணிக்கூடு நின்றபோதும் அவருடைய கை சட்டைப் பைக்குள் போனதை நான் பார்த்தேன்.

அவரிடம் ஒரு கலை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிளக்கின் முகத்தைப் பார்த்து மோட்டரின் உள்மனதைச் சொல்வார். பிஸ்கற் நிறம் என்றால் சுகம். கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் கூட, அல்லது நெருப்பு குறைவு. வெளுத்திருந்தால் உள்ளே சூடு மிதமிஞ்சி, எரிபொருள் போதாமல் தவிக்கிறது. நடுக்கடலில் என் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சம் வெளிறித்தான் கிடக்கு" என்றார். சரியான பாடத்தை வாசித்தவர் பொருள் மட்டும் வேறாகச் சொன்னார்: "பிளக் பழசு." புதுப் பிளக் போட்டோம். ஓடியது. அந்தக் கிழமை பிளக் உரையே சித்தாந்தம்.

காபிறேற்றர் உரை. இதை இயற்றியவர் கராச் வைத்திருக்கும் பெடியன். மோட்டரைக் கொண்டுபோனால் தண்ணீர் நிறைந்த பரல் ஒன்றில் அதன் காலை இறக்கிவைத்து, மூலையில் நிற்கும் தன் சொந்த ராங்கியின் குழாயைக் கொளுவி, ஒரே இழுப்பில் கிளப்புவார். அங்கே அது அரைமணி நேரம் நிற்காமல் ஓடும். என்னைப் பார்த்து, "மாஸ்டர், நல்லாத்தானே ஓடுது?" என்பார். பல்வலியோடு போய் வைத்தியரின் கதிரையில் இருந்ததும் வலி நின்றுபோனவன் போல நான் தலைகுனிவேன்.

ஆனாலும் அவர் காபிறேற்றரைக் கழற்றினார். அந்தக் காட்சியைப் பதிவு செய்யாமல் விட முடியாது. அடிக்கிண்ணத்தில் பழைய மண்ணெண்ணெய் காய்ந்து, பனங்கட்டிப் பாகு போல ஒரு படை. அதைத் துடைத்தபின் பித்தளைத் துண்டு ஒன்றைத் திருகி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மிளகு அளவு தலை. அதன் நடுவே ஒரு துளை. வெளிச்சத்துக்குப் பிடித்தால் தலைமயிர் ஒன்று நுழையும் போல ஓர் ஒளிப்புள்ளி. மோட்டர் குடிப்பதெல்லாம் அதன் வழியாகத்தான். அடைத்தால், மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழையால் மெல்லத் தள்ள வேண்டும். ஊசி போட்டால் பித்தளையில் துளை பெருத்துவிடும். பிறகு அந்த மோட்டருக்கு வாழ்நாள் முழுவதும் தாகம். இதில் இரண்டு வகை உண்டு என்றும் விளக்கினார். சின்னது அடைத்தால் மோட்டர் மெதுவாக ஓடும்போது நிற்கும். பெரியது அடைத்தால் கைப்பிடியை முறுக்கும்போது நிற்கும். "உங்கட எப்ப நிக்கிறது மாஸ்டர்?" என்று கேட்டார். கோட்டையைக் காணும்போது என்றேன். எழுதிக்கொள்ளாமலே கிண்ணத்தை மூடினார்.

தண்ணீர் உரை. வயதான சம்மாட்டி ஒருவருடையது. மோட்டர் பெற்றோலில் நிற்பதில்லை, மண்ணெண்ணெயில்தான் நிற்கிறது என்பதை முதலில் கவனித்தவர் இவர். உரையாசிரியர்களில் மூலத்தை வாசித்தவர் இவர் ஒருவரே. "வாத்தியார், எண்ணெய்க்குள்ள தண்ணி" என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு வெள்ளைப் போத்தலில் மண்ணெண்ணெயை நிரப்பித் திண்ணையில் வைத்தார். மண்ணெண்ணெய் தண்ணீரைவிட இலேசு. தண்ணீர் இருந்தால் கீழே முத்து முத்தாகத் திரளும். ஒரு சுருட்டு முடியும்வரை இரண்டு பேரும் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அடியில் ஒரு மிளகுமணி அளவுக்குத் திரண்டது. எந்த ராங்கியில்தான் அவ்வளவு இல்லை? அவர் வெற்றிப் புன்னகையோடு எழுந்து போனார். துணி வைத்து வடித்து ஊற்றினேன். ஓடியது.

கனடாவில் இருக்கும் மருமகன் தொலைபேசியில் அருளிய குளிர்த்தல் உரையும் உண்டு. "மாமா, பக்கத்தால தண்ணி பாயுதோ?" பாய்கிறது. கடல்நீரை உறிஞ்சி சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு வெளியே துப்பும் றப்பர்ச் சக்கரம் ஒன்று கீழே இருக்கிறது. எங்கள் பரவைக்கடலில் சாதாளை வந்து அதன் வாயை அடைப்பதும் உண்டு. அதையும் துப்புரவாக்கினேன். ஓடியது. சூடேறினால் மின்சுருள் மயங்கிவிடும் என்று மின் உரை சொன்னவரின் ஆலோசனைப்படி மேலுறையைக் கழற்றிவைத்து ஈரத்துணி போட்டேன். ஓடியது. மனுசி சனத்தின் கண் என்று சொல்லி, தேசிக்காயும் செத்தல் மிளகாயும் கோத்துக் கைப்பிடியில் கட்டினாள். அதற்கும் ஓடியது.

இங்கேதான் ஆய்வு நெருக்கடிக்கு உள்ளானது. எல்லா உரையும் பிழை என்றால் சமாளிக்கலாம். இங்கே எல்லா உரையும் சரி. நன்னூலுக்கு உரை எழுதிய அத்தனை பேரும் ஒரே கூடத்தில் இருந்து ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டுவது போன்ற நிலை.

பொருந்தாத் தரவு

கொப்பியின் பின்பக்கத்தில் செலவுக் கணக்கு எழுதுவது என் பழக்கம். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.

2022 ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. அதற்குப் பிறகு ஓய்வூதியக்காரன் ஒருவன் ராங்கி நிறைய ஊற்றுவானா? 4 லீற்றர், மிஞ்சினால் 5 லீற்றர். அந்தக் காலத்தில்தான் மோட்டர் தங்கமாக ஓடியது. 2023 தொடக்கத்தில் மருமகன் காசு அனுப்பத் தொடங்கினான். "மாமா, நிறைய அடியுங்கோ, அரைகுறையாக் கடலுக்குப் போகாதேங்கோ." 24 லீற்றர். ஆயுளில் முதன்முதலாக ராங்கியின் கழுத்துவரை ஊற்றினேன். அன்றைக்குத்தான் கோட்டையடியில் முதல் நிற்றல்.

நிறைய இருந்தால் நிற்கிறது. குறைய இருந்தால் ஓடுகிறது. இந்தத் தரவை வைத்து ஆய்வாளர் எடுத்த முதல் முடிவு, மோட்டருக்கு வெளிநாட்டுக் காசு ஒத்துக்கொள்ளவில்லை என்பது. இரண்டாவது, 24 லீற்றரின் பாரத்தால் படகு பின்பக்கம் தாழ்கிறது என்பது. இந்த இரண்டாவது முடிவைக் கரையில் மூன்று பேர் ஏற்றுக்கொண்டார்கள். அதில் ஒருவர் கணித ஆசிரியர்.

இன்னொரு விநோதமும் இருந்தது. ஒரு நாளின் முதல் நிற்றல் 10 நிமிடத்தில். அடுத்தது 14, 15 நிமிடம் கழித்து. அதற்கடுத்தது 20 நிமிடத்துக்கும் மேல். மோட்டர் தேறிவருகிறது என்றல்லவா எவருக்கும் தோன்றும்? சிகிச்சை வேலை செய்கிறது என்று மகிழ்ந்து கரைக்கு வந்து, சந்தோசத்தில் ராங்கியைத் திரும்ப நிரப்பி வைப்பேன். மறுநாள் பழையபடி 10 நிமிடம். இரவுப் பனியால் நோய் திரும்புகிறது என்று எழுதி வைத்தேன்.

உஸ்

பக்கத்து வீட்டுப் பேரப்பெடியன் ஒருவன் என்னிடம் தமிழ் படிக்க வருவான். ஆறாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை படகில் வர வேண்டும் என்று அடம்பிடித்தான். கோட்டை வலப்பக்கம் வந்தது; சத்தம் மெலிந்தது; துள்ளியது; இருமியது; நின்றது. வழக்கப்படி ராங்கி மூடியைத் திருகினேன்.

"மாஸ்டர், ஏன் உது உஸ் எண்டு மூச்செடுக்குது?"

நான் அந்தச் சத்தத்தை அறியாதவன் அல்லன். கொப்பியில் பதினேழு இடங்களில் 'உஸ்' குறிக்கப்பட்டிருக்கிறது. அது ஒலிக்குறிப்பு இடைச்சொல். இரட்டித்து வராமையால் இரட்டைக்கிளவி ஆகாது. ஈற்றில் நிற்கும் எழுத்து வடவெழுத்தாகையால் இதைத் தமிழில் 'உசு' என்று எழுதுவதா, 'உய்' என்று எழுதுவதா என்று ஒன்றரைப் பக்கம் ஆராய்ந்திருக்கிறேன். மூச்சு என்று எனக்குப் படவில்லை.

"ராங்கியில இருந்து காத்து வெளியில வருது தம்பி."

"இல்லை மாஸ்டர். உள்ளுக்க இழுக்குது. கையை வைச்சுப் பாருங்கோ."

மூடியை மறுபடி இறுக்கி, கயிறு இழுத்து, அது அடுத்த தடவை நிற்கும்வரை காத்திருந்தோம். அன்றைக்கு மட்டும் அது நிற்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். நின்றது. மூடியைச் சற்றே தளர்த்தி விளிம்பில் உள்ளங்கையை வைத்தேன். குழந்தை சூப்புவது போல என் தோலைப் பிடித்து உள்ளே இழுத்தது. குழாயின் நடுவே இருக்கும் கைப்பம்பின் றப்பர் குமிழைப் பார்த்தேன். பட்டினி கிடந்தவன் கன்னம் போல ஒட்டிப்போயிருந்தது. அதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். பழைய றப்பர் என்று நினைத்திருந்தேன்.

பெடியன் மூடியின் தலையைச் சுட்டினான். அங்கே சுண்டைக்காய் அளவில் ஒரு திருகாணி.

மோட்டர் குடிக்கும் ஒவ்வொரு துளிக்கும் ஈடாக ராங்கிக்குள் அவ்வளவு காற்று போக வேண்டும். அதற்கான வாசல் அந்தத் திருகாணி. கடலில் தளர்த்தி வைக்க வேண்டும். தூக்கிச் செல்லும்போது இறுக்கி வைக்க வேண்டும். அடைத்தே வைத்தால் எண்ணெய் குறையக் குறைய உள்ளே வெறுமை கூடும். எரிபொருளை இழுக்கும் பம்ப் நகத்தளவு சவ்வு ஒன்றால் ஆனது. வெறுமையோடு அது எவ்வளவு நேரம் மல்லுக்கட்டும்? ராங்கி நிறைந்திருந்தால் மேலே இருக்கும் காற்று கொஞ்சம். அரை லீற்றர் குறைந்தாலே வெறுமை இறுகிவிடும். ராங்கியில் 4 லீற்றர்தான் என்றால் மீதி 20 லீற்றரும் காற்று. அது விரிந்து கொடுத்துக்கொண்டே இருக்கும், எண்ணெய் தீரும்வரை குறை தெரியாது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் நான் மூடியைத் திறந்து பார்த்தேன் அல்லவா, அதுதான் சிகிச்சை. அதற்குப் பிறகு செய்த பிளக்கும் செப்பு இழையும் வடிதுணியும் தேசிக்காயும் எல்லாம், நோயாளி எழுந்து உட்கார்ந்தபின் கொடுத்த மருந்து. இடைவெளி 10, 14, 20 என்று நீண்டதற்குக் காரணம் எண்ணெய் குறைந்து காற்றுக்கு இடம் கூடியது. பிளாஸ்ரிக் ராங்கியாக இருந்திருந்தால் கன்னம் ஒட்டிக் காட்டிக்கொடுத்திருக்கும். இது மூலபாடத்துத் தகரம். அசையவில்லை.

அந்த வாசலை அடைத்தது யார்? வேறு வழியில்லை, இங்கே 'நான்' வந்துதான் ஆக வேண்டும். ராங்கியை இரவில் விறாந்தையில் வைப்பேன். மணம் குசினிவரை வருகிறது என்பாள் மனுசி. போதாததற்கு, லீற்றர் 340 ரூபா ஆன அன்று இரவு, ஒரு துளியும் ஆவியாகிப் போகக் கூடாது என்று குறடு கொண்டுவந்து அந்தத் திருகாணியைக் கடைசிச் சுற்றுவரை இறுக்கினேன். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல ஆவியாகிற சாமான் அல்ல. ஒருவரும் கேட்காததால் ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தத் திருகாணி எனக்கு மூடியின் ஒரு பகுதியாகவே தெரிந்தது. கராச்சில் கராச்காரரின் ராங்கி, அவருடைய மூடி. ஆகவே அங்கே நோயில்லை.

இதனால் முதற்பக்கத்தில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. மோட்டர் நின்றுபோகவில்லை. நிறுத்தப்பட்டது. கோட்டையடியில் அல்ல, முந்தின இரவே விறாந்தையில். 'போ' என்னும் துணைவினையை நீக்கி வாசிக்கவும்.

குறடு படகில் இல்லை. பெடியன் தன் இடுப்புப் பட்டியின் கொளுக்கியைக் கொடுத்து அந்தத் திருகாணியை அசைத்துத் தளர்த்தினான். கோட்டையைக் கடந்தோம். இவ்வளவு காலத்தில் அதன் மறுபக்கச் சுவரை அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடித் திரும்பிக் கரைக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. கரையில் சம்மாட்டியும் இன்னும் இரண்டு உரையாசிரியர்களும் நின்றார்கள். அவர்கள் பார்க்க, சுட்டுவிரலை நீட்டி, சிவப்புக் குமிழை அழுத்தி, மோட்டரை நான் நிறுத்தினேன்.

பெற்றோலுக்கு மாற்றாமல்.

இன்று காலை 43 தரம் கயிறு இழுத்தாயிற்று. கிண்ணம் நிறையக் குளிர்ந்த மண்ணெண்ணெய். வலது தோள் மேலே வரமாட்டேன் என்கிறது. அதனால் இந்தக் கட்டுரையை இடையில் நிறுத்தி நிறுத்தித்தான் எழுத வேண்டியிருக்கிறது. படலைச் சத்தம் கேட்கிறது. மச்சான் வருகிறார். கையில் பிளக் கழற்றுகிற ஸ்பானர்.

"அத்தான், நான் அப்பவே சொன்னனான்."